ஒரு படம் கூடுதல்

பழைய ஹார்ட் டிஸ்கில் நாற்பத்தோராயிரத்து இருநூற்றுப் பதினாறு படங்கள் இருந்தன. புது டிஸ்கில் நகல் எடுத்து முடித்தபோது ஒன்று கூடுதலாக இருந்தது.

ஜமால் இரண்டு முறை சரிபார்த்தான். எல்லாமே அவன் மகள் ஜோயாவின் படங்கள். மூன்று வருடங்களுக்கு முன், ஆறு வயதில், டெங்குக் காய்ச்சல் அவளைக் கொண்டுபோனது. போன வாரம் பழைய டிஸ்க் டிக் டிக்கென்று சத்தம் போடத் தொடங்கியதிலிருந்து அவன் மனைவி மர்யம் சரியாகச் சாப்பிடவில்லை. தாராவியில் தோல்பை பட்டறையை ஒரு நாள் மூடிவிட்டு, ஜமால் கம்ப்யூட்டர் கடைகள் நிறைந்த லேமிங்டன் ரோட்டுக்குப் போனான். கடைக்காரர் நசீர் கடையநல்லூர்க்காரர், பொறுமையாகச் சொன்னார்.

"பாய், வேற வேற கம்பெனியா வாங்குங்க. ஒரே மாதிரி வாங்குனா ஒண்ணாவே போயிரும். ஒண்ணு வீட்ல, ஒண்ணு சொந்தக்காரங்க வீட்ல இருக்கட்டும். பீரோல வருஷக்கணக்கா சும்மா கெடக்கணும்னா எஸ்எஸ்டி வேண்டாம், கரண்ட் இல்லாம கெடந்தா உள்ள இருக்கறது அழிஞ்சிரும். சுத்துற டிஸ்கே நல்லது."

மூன்று கம்பெனிகளில் மூன்று வாங்கினான். பிள்ளையை இனி ஒருபோதும் இழக்கக் கூடாது.

ஞாயிற்றுக்கிழமை மதியம். மழை தகரக் கூரையில் விடாமல் கொட்டியது. பக்கத்துப் பட்டறையின் தையல் மிஷின் சத்தம்கூட அதில் அமுங்கிப்போயிருந்தது. தோல் பசையின் நெடியைத் தாண்டி எங்கிருந்தோ ஈரமண் வாசம் அறைக்குள் வந்துகொண்டிருந்தது. அவன் அந்தக் கூடுதல் படத்தைத் திறந்தான்.

ஜோயாவின் முகம். மூடிய கண்கள். தாடையைச் சுற்றி வெள்ளைத் துணி.

பிள்ளையின் மையத்தைக் குளிப்பாட்டி கஃபன் துணி சுற்றியபோது யாரையும் படமெடுக்க அவன் விடவில்லை.

"என்ன பாக்குதிய?" என்று மர்யம் பின்னால் வந்து நின்றாள். அவன் மறைப்பதற்குள் பார்த்துவிட்டாள். அவள் அழவில்லை. திரையை நோக்கிக் குனிந்தாள்.

"பிள்ளைக்கு முன்பல் ரெண்டும் விழுந்துல்லா இருந்துச்சு?"

"ஆமா."

"முளைச்சிருக்கு பாருங்க."

லேசாகத் திறந்த உதடுகளுக்கிடையே இரண்டு பெரிய, புதிய பற்கள்.

எங்கோ ஏதோ குழப்பம் என்று அவன் தனக்கே சொல்லிக்கொண்டு இரண்டாவது டிஸ்கைச் செருகினான். பழைய டிஸ்கிலிருந்து மறுபடி நகல் ஓடியது. மண் வாசம் தொண்டைவரை வந்துவிட்டது.

இப்போது இரண்டு கூடுதல்.

புதிய படத்தில் துணி கிழிந்திருந்தது. கன்னம் ஒட்டி, முகம் நீண்டிருந்தது. ஏழு வயது முகம் இல்லை, எட்டும் இல்லை. கண்கள் திறந்திருந்தன. படம் எடுத்த நேரம்: இன்று, மதியம் மூன்று நாற்பது.

சுவர்க் கடிகாரத்தில் மூன்று நாற்பத்திரண்டு.

"போதும் மர்யம். எல்லாத்தையும் அழிச்சிருவோம்."

"அழிச்சா?" அவள் அவன் கையைப் பிடித்தாள். நகம் பதிந்தது. "அவ அங்கன வளந்துக்கிட்டு இருக்கா. நாமதான் பாக்காம இருந்திருக்கோம். இன்னொண்ணு போடுங்க."

"வேண்டாம்."

அவளே போட்டாள்.

மழை நின்றது. டிஸ்க் சுற்றும் சத்தம் மட்டும். பிறகு அதுவும் நின்றது.

மூன்று கூடுதல்.

மர்யம் திறந்தாள்.

அன்று குழியின்மேல் அவன் தன் கையால் வரிசையாக அடுக்கிய பலகைகள். அவற்றில் உள்பக்கமாக நகக்கீறல்கள். நூற்றுக்கணக்கில். ஆறு வயதுக்குத் தோண்டிய குழி. அதில் ஒன்பது வயதுப் பிள்ளை. நீட்ட இடமில்லை. முழங்கால்கள் மார்போடு மடங்கி, கழுத்து ஒரு பக்கம் வளைந்து.

கண்கள் நேராக அவனைப் பார்த்தன.

வாப்பா என்று கூப்பிடத் திறந்த வாய். அதற்குள் முழுக்க மண்.