மூன்றாவது போர்ட்

அந்த மாடி அறைக்கு நான் போய்ச் சேர்ந்தது செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு. கொண்டுபோனவை ஒரு கம்ப்யூட்டர், இரண்டு ஸ்பீக்கர், ஒரு கீபோர்டு, ஒரு பாய். கீழே வீட்டுக்காரம்மா இருந்தார், ஓய்வு பெற்ற நர்ஸ். முன்பு இருந்தவரும் மியூசிக்காரர்தான், சுவரில் ஒட்டியதெல்லாம் அவர் வேலை, பிடிக்காவிட்டால் கிழித்துப் போட்டுவிடு என்று சொல்லி சாவியைக் கொடுத்தார். நான்கு சுவரிலும், ஜன்னல்மேலும் சத்தத்தை அடக்கும் கறுப்பு ஸ்பாஞ்ச். கதவைச் சாத்தினால் பட்டப்பகலிலேயே கும்மிருட்டு. நனைந்து காய்ந்து மறுபடி நனைந்த ஸ்பாஞ்சின் நாற்றம் மூக்கிலேயே நின்றது.

எனக்கு இருந்த அவசரத்தில் சுடுகாட்டில் இடம் கொடுத்திருந்தாலும் போயிருப்பேன்.

என் அக்கா முதல் படம் எடுத்து முடித்திருந்தாள். பின்னணி இசைக்குத் தயாரிப்பாளர் வேறொருவரைப் பேசி வைத்திருந்தார். அக்கா சண்டை போட்டு அந்த வேலையை எனக்கு வாங்கித் தந்தாள். வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்குள் இசை வந்து சேராவிட்டால், படத்தை வேறு ஆள் வைத்து முடித்துக்கொள்ளுங்கள் என்று அவளே எழுதிக் கொடுத்திருந்தாள். அவளுடைய ஆறு வருட உழைப்பு என் தலையில் வந்து உட்கார்ந்திருந்தது.

தொழில் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. கீபோர்டில் விரல் வைத்தால் கம்ப்யூட்டருக்குள் போவது சத்தம் இல்லை, செய்தி. இந்தக் கட்டை அமுங்கியது, இவ்வளவு பலமாக அமுங்கியது, இப்போது விரலை எடுத்தாயிற்று. அதைத்தான் மிடி என்கிறோம். அந்தச் செய்தியை ஒரு மென்பொருளிலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுபோக, இல்லாத ஒயரை இருப்பதாகக் கம்ப்யூட்டரை நம்பவைக்கும் சின்ன மென்பொருள் ஒன்று உண்டு. அதில் செய்தி போகிற வாசலாக நாமே போர்ட் திறந்து பெயர் வைக்க வேண்டும். நான் இரண்டு திறந்தேன். ஒன்றுக்கு வயலின், இன்னொன்றுக்குத் தாளம் என்று பெயர்.

புதன்கிழமை மத்தியானம் பார்த்தால் மூன்றாவது ஒன்று இருந்தது. பெயர் இல்லை. பக்கத்தில் பச்சை விளக்கு எரிந்தது. அப்படியென்றால் அதன் வழியாகச் செய்தி வந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

ஸ்பீக்கரில் செல்லோ, அந்தக் கனத்த குரல் பெரிய வயலின், முனக ஆரம்பித்தது. ஒரே ஸ்வரம், அடியில், நிற்காமல்.

முதலில் நான் பயப்படவில்லை, எரிச்சல்தான் வந்தது. விரலை எடுத்த செய்தி வழியில் தொலைந்துபோனால் ஸ்வரம் நிற்காமல் ஒலிக்கும். எங்கள் தொழிலில் எல்லோருக்கும் நடப்பதுதான். அதற்கென்றே பேனிக் என்று ஒரு பொத்தான் வைத்திருக்கிறார்கள். அமுக்கினேன், நின்றது. இருபது நொடி வாசித்திருப்பேன், மறுபடி முனகியது. போர்ட்டை அழித்தேன். டீ போட்டுக்கொண்டு வருவதற்குள் அது திரும்ப வந்து உட்கார்ந்திருந்தது. மென்பொருளைக் கழற்றிப் போட்டேன், புதிதாக ஏற்றினேன், இன்டர்நெட்டைப் பிடுங்கினேன். அதற்கு முன்பே உலகத்தில் இருக்கிற கேள்வி பதில் பக்கமெல்லாம் தேடியாயிற்று. எல்லா மேதாவிகளும் ஒரே பதிலைத்தான் எழுதியிருந்தார்கள், அணைத்துவிட்டுத் திரும்பப் போட்டுப் பாருங்கள் என்று. பதினோரு முறை அணைத்துப் போட்டேன். அந்த மென்பொருளை எழுதியவனின் ஏழு தலைமுறையையும் வாய்விட்டுத் திட்டினேன்.

வியாழக்கிழமை கீபோர்டையே கழற்றிப் பாயில் போட்டேன். இனி எங்கிருந்து வரும் பார்க்கலாம் என்று கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன்.

பச்சை விளக்கு எரிந்தது.

அமுக்கிய பிறகும் விரல் எவ்வளவு அழுத்துகிறது என்பதைத் திரையில் ஓர் எண் காட்டும். மென்பொருள் கோளாறாக இருந்தால் அந்த எண் செத்தது போல ஒரே இடத்தில் நிற்க வேண்டும். இது நிற்கவில்லை. அறுபத்தொன்று, அறுபத்து மூன்று, அறுபது, அறுபத்திரண்டு.

யாரோ அமுக்கிக்கொண்டிருந்தார்கள்.

அந்த விரல் நடுங்கிக்கொண்டிருந்தது.

நான் கீழே இறங்கி ஓடினேன். வீட்டுக்காரம்மா துணி மடித்துக்கொண்டிருந்தார். மேலே இருந்தவர் எங்கே போனார் என்று கேட்டேன். காலி செய்துவிட்டார் என்றார். நான் நகராமல் நிற்கவும், கையிலிருந்த துண்டை மடியில் வைத்துக்கொண்டார்.

"கட்டை மேல விரல வெச்சபடியே போயிட்டாரும்மா. ரெண்டு நாளா ஒரே சத்தம். வேலை பாக்குறாருன்னு நெனச்சுட்டோம்."

நர்ஸாக இருந்துகொண்டு ஏறிப் பார்க்கத் தோன்றவில்லையே என்று அவரே தன்னை நொந்துகொண்டார். ஆறுதல் சொல்ல எனக்கு நேரமில்லை. எனக்கு அவர்மேல் கோபம், செத்தவர்மேல் அதைவிடக் கோபம். சாக வேறு நேரம் கிடைக்கவில்லையா, நடுங்க வேறு இடம் கிடைக்கவில்லையா? வேறு அறை தேட ஒரு நாள் போகும். அந்த ஒரு நாள் என்னிடம் இல்லை. திரும்ப மேலே ஏறினேன்.

வெள்ளிக்கிழமை விடியற்காலையில் ஒரு வழி கண்டுபிடித்தேன். அந்த முனகலை மற்ற வாத்தியங்களோடு சேராமல் ஒரு தனி டிராக்கில் பதிவாக விட்டேன். அது பதினாலாவது டிராக். அதை அழித்தால் அடுத்த நிமிடமே வயலினில் வந்து புகுந்தது. அழிக்காமல் வாயை மட்டும் அடைத்தால், அதாவது மியூட் செய்தால், அங்கேயே அடங்கிக் கிடந்தது. சத்தம் வரவில்லை. ஆனால் திரையில் அந்த ஸ்வரத்தின் கோடு மட்டும் நீண்டுகொண்டே போனது. நீளட்டும் என்று விட்டுவிட்டு வாசித்தேன். என் வாழ்க்கையிலேயே அப்படி வாசித்ததில்லை.

நாலரை மணிக்கு முடிந்தது. முறைப்படி எல்லாவற்றையும் ஆடியோவாக மாற்றித்தான் கொடுக்க வேண்டும். அப்படிச் செய்திருந்தால் வெறும் சத்தம் மட்டும் போயிருக்கும். அதற்கு ஒரு மணி நேரம் பிடிக்கும். மிக்ஸிங் தியேட்டரில் அக்காவோடு உட்கார்ந்திருந்த இன்ஜினியர், வேலை செய்த ஃபோல்டரை அப்படியே அனுப்பு, இங்கே பார்த்துக்கொள்கிறோம் என்றார். இன்டர்நெட்டைத் திரும்ப மாட்டினேன். பதினாலாவது டிராக்கைப் பார்த்தேன். அழித்தால் வயலினில் புகுந்துவிடும், வைத்தால் அதுவும் சேர்ந்து போகும்.

தெரிந்தேதான் அனுப்பினேன்.

ஃபோல்டர் போய்ச் சேர்ந்ததும் மூன்றாவது போர்ட் பட்டியலில் இல்லை. பச்சை விளக்கும் இல்லை. வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், எனக்குச் சந்தோஷமாக இருந்தது. விட்டது சனி என்று பாயில் காலை நீட்டினேன்.

ஐந்தேகாலுக்கு அக்கா கூப்பிட்டாள். தயாரிப்பாளர் கடைசிக் காட்சியை மட்டும் போட்டுக் கேட்டுவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாராம். படம் அவள் கையிலேயே இருக்கிறதாம். சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். அப்புறம் சாதாரணமாகக் கேட்டாள்.

"பதினாலாவது டிராக்க ஏன்டி அடைச்சு வெச்சிருக்க? தொறந்து விட்டுட்டேன். நல்லாத்தான் இருக்கு."

அவள் பேச்சுக்கு அடியில் அந்த முனகல் கேட்டது.

"அக்கா, நிறுத்துக்கா. மொதல்ல அத நிறுத்து."

"இருடி." பட்டன் தட்டுகிற சத்தம். பிறகு அவள் குரல் இறங்கி வந்தது. "பட்டன்ல இருந்து விரல் வரலடி."

மெயினை அணைக்கச் சொல்லிக் கத்தினேன். இன்ஜினியர் அப்போதே அணைத்துவிட்டார், இருட்டில்தான் உட்கார்ந்திருக்கிறோம் என்றாள். ஸ்பீக்கர் எல்லாம் செத்துக் கிடந்த அந்த இருட்டிலிருந்து போன் வழியாக முனகல் வந்துகொண்டே இருந்தது. நான் ஆட்டோ பிடித்துப் போய்ச் சேர நாற்பது நிமிடம் ஆனது. இரண்டு பேர் பிடித்து இழுத்துத்தான் அவள் கையைப் பட்டனிலிருந்து எடுத்தார்கள். அதன் பிறகுதான் சத்தம் நின்றது.

படம் வந்தது, ஓடியது. இசையைப் பற்றி எல்லோரும் நல்லதாகவே எழுதினார்கள். அக்கா இப்போது என்னோடு இருக்கிறாள். வலது கை ஆள்காட்டி விரல் மட்டும் எது பட்டாலும் அமுக்கிக்கொண்டே இருக்கிறது. மேசை, தலையணை, சாப்பாட்டுத் தட்டு, என் மணிக்கட்டு. டாக்டர்கள் நரம்பு என்கிறார்கள். அவள் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. அன்று நான் தெரிந்தேதான் அனுப்பினேன் என்று அவளிடம் சொல்ல எனக்கு இன்னும் வாய் வரவில்லை.

நேற்று மத்தியானம் அவள் அசந்து தூங்கிக்கொண்டிருந்தாள். கட்டில் சட்டத்தில் பதிந்திருந்த அந்த விரலை, இரண்டு விரலால் பிடித்து, மெல்லத் தூக்கிப் பார்த்தேன். லேசாக வந்தது.

அதை மேலிருந்து யாரோ திருப்பி அமுக்கினார்கள்.