பச்சைக் கூட்டைத் தேடி

தோணி ஒருபக்கமாகச் சாய்ந்தது. திலகவதி கண்ணை இறுக மூடிக்கொண்டாள். தாமிரபரணியிலேயே முழங்கால் தண்ணீருக்கு மேல் இறங்காதவள், டான்சானியாவின் கிலொம்பெரோ ஆற்றில், நீர்யானைகளுக்கு நடுவே போய்க்கொண்டிருந்தாள். எல்லாம் அந்த மனிதருக்காக.

அவள் கணவர் சுடலைமுத்து பறவை ஆராய்ச்சியாளர். இந்த ஆற்று நாணலில் மட்டுமே வாழும் ஒருவகைத் தூக்கணாங்குருவிக்காக மூன்று வருடமாக இங்கேயே கிடக்கிறார். கூட வரச்சொல்லி அழைத்தபோது, "குருவி வேணுமா, நான் வேணுமா?" என்று கேட்டுவிட்டு ஊரிலேயே இருந்துவிட்டாள். இப்போது பதினொரு நாளாக அவரிடமிருந்து தகவல் இல்லை. ஆற்றில் வெள்ளம் ஏறுகிறது. கோபமெல்லாம் போன இடம் தெரியவில்லை. நாத்தனார் இசக்கியைக் கூட்டிக்கொண்டு ஓடிவந்துவிட்டாள்.

படகோட்டி ஹமீசி துடுப்பால் காட்டினார். நாணல் நுனிகளில் ஏராளமான கூடுகள். இசக்கி தொண்டை கிழியக் கூப்பிட்டாள். பதில் இல்லை.

"போன மாசம் இங்கதான் இருந்தார்," என்றார் ஹமீசி அரைகுறை ஆங்கிலத்தில். "வெள்ளம் ஏறுது. திரும்பிடலாம்."

திலகவதி கூடுகளைப் பார்த்தாள். எல்லாம் காய்ந்து பழுப்பேறியிருந்தன. போனில் அவர் ஓயாமல் பேசியதையெல்லாம் அவள் கேட்காத மாதிரிதான் கேட்டிருக்கிறாள்.

"இசக்கி, பச்சை நாணலைக் கிழிச்சுத்தான் குருவி கூடு கட்டுமாம். இதெல்லாம் விட்டுட்டுப் போன கூடு. பச்சைக்கூடு எங்க இருக்கோ அங்கதான் உங்க அண்ணன் இருப்பாக."

"மதினி, தண்ணி ஏறுதே..."

"போகச் சொல்லுட்டி."

நாணலை விலக்கி விலக்கித் திலகவதிக்கு உள்ளங்கை கிழிந்தது. ஒரு மணி நேரம் கழித்துச் சட்டென்று மஞ்சள் தெரிந்தது! மஞ்சள் உடம்பு, கரி பூசிய மாதிரி கறுத்த முகம். தண்ணீருக்கு மேலே பச்சைக் கூட்டில் தலைகீழாகத் தொங்கிச் சிறகடித்தது ஆண்குருவி. அதற்கப்பால், வெள்ளம் சூழ்ந்த மேட்டில், காய்ச்சலில் சுருண்டு கிடந்தார் சுடலைமுத்து. அவருடைய தோணியை ஆறு கொண்டுபோயிருந்தது.

மூவரும் அவரைத் தூக்கித் தோணியில் கிடத்தினார்கள். தோணி கரையை நோக்கித் திரும்பியது. அவர் தலை அவள் மடியில் இருந்தது.

"ஊருக்கே வந்துடுதேன் திலகா. குருவி போதும்."

இந்த ஒரு வார்த்தைக்காக அவள் மூன்று வருடம் ஏங்கியிருக்கிறாள். கேட்டதும் ஏனோ சந்தோஷம் வரவில்லை, அழுகைதான் வந்தது.

"பொட்டைக்குருவி எப்படி இருக்கும்?" என்று கேட்டாள்.

"பழுப்புதான். கோடுகோடா இருக்கும். நாணலுக்குள்ள லேசுல தெரியாது."

"நான் பாக்கலையே. முதல்ல ஆஸ்பத்திரிக்குப் போவோம். தேறி எந்திரிங்க, ரெண்டு பேருமா வந்து பாப்போம்."