வெல்லத்துக்குள் வெள்ளைக்காரன் நோட்டு

"ஐயையோ...! வெல்லத்துக்குள்ளாற காயிதம்!"

கோவிந்தம்மாவின் அலறலில் திருவள்ளூர் கோயில் குளமே திரும்பிப் பார்த்தது.

1974. தை அமாவாசை. நோய் தீரக் குளத்தில் வெல்லம் கரைக்க வந்த கூட்டம். கோவிந்தம்மா கரைத்த வெல்லத்திலிருந்து மட்டும் மடித்த நோட்டு ஒன்று மிதந்தது!

மேல்படியில் அவள் புருஷன் துலுக்காணம் தலையில் கை வைத்துக்கொண்டான். கும்மிடிப்பூண்டி இரும்புப் பட்டறைத் தொழிலாளி.

"அடிப்பாவி... அந்த வெல்லத்த ஏண்டி எட்த்துக்கினு வந்தே?"

"நாலு நாளா வயித்து நோவுன்னு உருண்டுகினு கெடந்தியே! உனுக்குத்தான்யா வேண்டிக்கினேன்!"

நோவாவது, மண்ணாவது! போலீஸ் தேடல் ஓயும்வரை வீட்டுக்குள் பதுங்க அவன் போட்ட நாடகம் அது. பழம்பொருள் வியாபாரி ஸம்பத்குமார் வீட்டில் திருடிய நோட்டை வாழைச்சருகில் சுற்றி, வெல்ல உருண்டைக்குள் புதைத்து வைத்திருந்தான். மாட்டினால் ஜெயில்.

மாட்டினான்!

பந்தோபஸ்துக்கு நின்றிருந்த இன்ஸ்பெக்டர் பச்சையப்பன் நோட்டை எடுத்தார். வெள்ளைக்கார வியாபாரிகள் சொந்தமாக பேங்க் நடத்தி, சொந்தமாக நோட்டு அடித்த காலத்து மதராஸ் நோட்டு!

ஜீப் போய் ஸம்பத்குமாரை அள்ளி வந்தது. கூடவே, அந்த நோட்டை வாங்க அட்வான்ஸ் கொடுத்து, அது திருடுபோனதும் அவரை ஸ்டேஷனுக்கு இழுத்துப்போய்ப் புகார் கொடுக்க வைத்த பம்பாய் சேட்டும்.

"உம்ம நோட்டுதானே?"

"ஆ... ஆமா ஸார். கெடைச்சுடுத்தே, பெருமாள் கிருபை! கேஸெல்லாம் வேண்டாம். பாவம், அவனை விட்டுடுங்கோ!"

"திருடனுக்காகப் பறிகொடுத்தவர் கெஞ்சுறாரு. பலே!"

பச்சையப்பன் தன் விரல்களைப் பார்த்தார். கறுப்பு! நோட்டில் துரையின் கையெழுத்து மட்டுமா, அச்செழுத்தும் வழிந்துகொண்டிருந்தது.

"ஏன் ஓய்... நூத்தறுவது வருஷமா காயாத மையா இது?"

ஸம்பத்குமார் சேட்டிடமிருந்து ஓரடி விலகி நின்றார்.

"வந்து... போன மாசம்தான்... அச்சாபீஸ்ல..."

"மேரா அட்வான்ஸ்!" சேட்டு பாய்ந்தார். அதற்குள் ஸம்பத்குமார் கையில் விலங்கு!

துலுக்காணத்துக்கு உயிர் வந்தது. சட்டையை உதறிவிட்டு முன்னால் வந்தான்.

"சார், ஒரு டவுட்டு. டூப்ளிகேட் நோட்ட திருடுனா அது திருட்டா... இல்ல போலீசுக்கு ஒத்தாசையா?"

பச்சையப்பன் வாய் திறக்குமுன் கோவிந்தம்மா முந்திக்கொண்டாள். கண்ணில் நீர். குரலில் நெருப்பு.

"இவன் வயித்து நோவும் டூப்ளிகேட்டுதான் சார். ஒரே விலங்குல ரெண்டு பேரையும் போட்டுக்கினு போங்க!"