வெட்டாமல் விட்ட எட்டுப் பக்கம்

வெறுமையாக இருக்கவேண்டிய பக்கத்தில் எழுத்து இருந்தது.

கொளஞ்சியப்பன் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு, மகன் வாங்கி அனுப்பிய ஈ-ரீடரை மூக்குக்கு அருகில் கொண்டுபோனார். பத்திரப்பதிவு ஆபீசில் முப்பத்துநாலு வருடம் கையெழுத்தையும் கைரேகையையும் மேய்ந்த கண். இந்தப் பக்கம் வெறும் தாள் என்று நேற்று அந்தக் கண்தான் பார்த்தது.

யாரும் கேள்விப்படாத பழைய புத்தகம் என்றால் அவருக்கு உயிர். செக்கு மாட்டுக்குச் சுளுக்கெடுப்பது எப்படி, ஜமீன்தார் மகளின் பல்வலி வரலாறு, இப்படி உலகத்திலேயே ஒருவர்தான் படிக்கமுடியும் என்கிற புத்தகங்கள். அந்த ஒருவர் இவர்தான். கள்ளக்குறிச்சியில் அவர் வீட்டுப் புத்தக அடுக்குகளுக்கு நடுவே பல்லிகள்கூட வரிசையில் நின்றுதான் போகவேண்டும். சோற்றுப் பானைக்கும் ஒருநாள் அட்டை போட்டுவிடுவார் என்று மனைவி கண்ணகி தெருவெல்லாம் சொல்லிவைத்திருந்தாள்.

அந்தப் புத்தகத் தூசிதான் கண்ணகிக்கு இழுப்பைக் கொண்டுவந்தது. போன தையில் ஒரு இரவு, மூச்சு கிடைக்காமல் அவள் அவர் சட்டையைப் பிடித்துக்கொண்ட பிடி இன்னும் அவர் நெஞ்சில் இருந்தது. புத்தகமா சம்சாரமா, ஒன்றைச் சொல்லுங்கள் என்றார் டாக்டர். கொளஞ்சியப்பன் ஒரே ஒரு நிமிடம் யோசித்தார். அந்த ஒரு நிமிடத்துக்காகக் கண்ணகி மூன்று நாள் அவரோடு பேசவில்லை.

கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கும் கடையில் பேப்பர் வெட்டும் மெஷின் இருந்தது. அதில் புத்தகத்தின் முதுகை அறுப்பார், தாள் தாளாக ஸ்கேன் செய்து ரீடரில் ஏற்றுவார், தாள்களைக் கொல்லையில் வெந்நீர் அடுப்புக்குக் கொடுப்பார். நானூறு புத்தகம் அப்படிப் போனது. வீட்டுக்குள் காற்று வந்தது. எழுத்தை இட்லி அளவு பெரிதாக்கிப் படிக்கலாம் என்றானபிறகு அவருக்கும் பெரிய வருத்தமில்லை.

கடைசியாக ஒன்று மிஞ்சியது. வெள்ளிமலையில் மளிகைக்கடை வைத்திருக்கும் செல்லமுத்து கொடுத்தது. பதினேழு வீடுகளின் கதை, எழுதியவர் பேர் இல்லை. ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பெண்ணிடமிருந்து குரல், நிழல் என்று ஒவ்வொன்றாகக் கழன்றுபோகும்; முடிவில் அவளே இருக்கமாட்டாள். பதினாறு வீடுகள் அப்படி முடிந்திருந்தன. பதினேழாவதற்குரிய எட்டுப் பக்கங்கள் மட்டும் மடிப்பு வெட்டப்படாமல் மூடிக் கிடந்தன. அந்தக் காலத்தில் பெரிய தாளை மடித்து அப்படியே தைத்துவிடுவார்கள்; வாங்கியவர்தான் கத்தியால் மடிப்பை அறுத்துப் படிக்கவேண்டும். தொண்ணூறு வருடமாக யாரும் அறுக்கவில்லை. அதை மட்டும் தொடவேண்டாம் என்று சொல்லித்தான் செல்லமுத்து கொடுத்தார்.

மூடிய பக்கத்தை ஸ்கேனருக்கு எப்படிக் கொடுப்பது? நேற்று அறுத்தார். எட்டுப் பக்கமும் வெறுமை. இதற்குத்தானா இத்தனை பயம் என்று சிரித்தபடி அவற்றையும் ஸ்கேன் செய்தார். இன்று காலை அடுப்பில் போட்டார். அந்த வெந்நீரில்தான் கண்ணகி குளித்தாள்.

இப்போது மணி நாலு. கல்வராயன் மலைப்பக்கமிருந்து இறங்கிய மழை தெருவை மூடியிருந்தது.

'பதினேழாவது வீடு. வெளியே மழை. அடுப்படியில் அவள் இருமுகிறாள்.'

அடுப்படியில் கண்ணகி இருமினாள்.

மழைக்காலத்தில் எந்த அடுப்படியில்தான் இருமல் இல்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு பக்கத்தைத் தள்ளினார்.

'இருமல் நின்றது.'

நின்றது. பாதியில் கத்தரித்த மாதிரி.

அவருக்கு ஒரு கணம் சந்தோஷமாகக்கூட இருந்தது. அடுத்ததைத் தள்ளினார்.

'அவள் காலடி கேட்கவில்லை.'

கொடியில் கிடந்த துணியை எடுக்கக் கண்ணகி கூடத்தைக் கடந்து போனாள். நாற்பது வருடமாக இந்தத் தரையில் கேட்ட மெட்டியின் சின்ன உரசல், ஈரப் பாதம் ஒட்டிப் பிரியும் ஓசை, முழங்காலில் கிளம்பும் சொடுக்கு, எதுவுமே இல்லாமல், மழையின் இரைச்சல் மட்டும் அறையை நிரப்பியிருக்க, தாளித்த கடுகின் வாசனையோடு அவள் அவரைத் தாண்டிப் போனாள்.

ரீடரைக் கீழே வைக்கப்போனார். விரல் திரையில் பட்டது.

'அவளுக்கு நிழல் இல்லை.'

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியமில்லை. ரீடரை அணைத்தார். எழுத்து போகவில்லை. அந்த வகைத் திரை அணைத்தாலும் கடைசியாகக் காட்டியதை விடாது. மறுபடி ஆன் செய்து, முந்தின பக்கத்துக்குப் போகத் தள்ளினார். போகவில்லை.

செல்லமுத்துவுக்குப் போன் போட்டார். நடந்ததை ஒரே மூச்சில் கொட்டினார்.

"தாளு இருக்குதுங்களா?" என்றார் செல்லமுத்து.

"எரிச்சிட்டேன்."

"பொஸ்தகமா இருந்தா மூடி, கவுறு போட்டுக் கட்டலாங்க. அந்த மடிப்புதாங்க அத்தப் புடிச்சிக்கினு இருந்தது. இப்ப எத்தப் போட்டு மூடுவீங்க?"

லைன் போனது.

அவர் நெற்றியிலிருந்து ஒரு வேர்வைத் துளி உதிர்ந்தது. திரையில் விழுந்தது.

பக்கம் நகர்ந்தது.

துடைக்கப்போனார். அடுத்த துளி. நகர்ந்தது. இன்னொன்று. மூன்று பக்கம் படிக்காமலே போனது. என்ன போனது? அவளிடமிருந்து எது எது போனது?

இன்னும் ஒரே பக்கம்.

கையை நீட்டி, முகத்துக்குத் தூரமாக, தட்டில் கற்பூரம் ஏந்துகிற மாதிரி அதைப் பிடித்துக்கொண்டு நின்றார். மூச்சு விடவில்லை.

"இன்னாங்க இது, இப்படி வேர்த்து ஊத்துது?"

கண்ணகி எதிரே நின்றாள். அதே முகம். அதே சாந்துப்பொட்டு. குரல் மட்டும் எங்கிருந்தோ, எழுத்துக்கூட்டிப் படிப்பதுபோல.

"கிட்ட வராத, கண்ணு."

"வூட்ல பொஸ்தகம் ஒண்ணும் இல்ல. இப்ப நல்லா மூச்சு வருதுங்க."

முந்தானையை எடுத்தாள். திரையில் இருந்த ஈரத்தைத் துடைத்தாள்.

பக்கம் நகர்ந்தது.

அவர் படிக்கவில்லை. கண்ணை இறுக மூடிக்கொண்டார். திறந்தபோது கண்ணகி அடுப்படிப் பக்கம் திரும்பிக்கொண்டிருந்தாள். முகத்தில் பாதி போனது. தோள் போனது. முழுதாகத் திரும்பியபோது அங்கே யாரும் இல்லை. நிலைப்படியை ஒட்டி, காற்றில், தலையிலிருந்து கால்வரை, தாளின் விளிம்பு போல, மெல்லிய கோடு ஒன்று. அவ்வளவுதான்.

"கண்ணகி."

கோடு திரும்பியது. கண்ணகி முழுசாக நின்றாள். சிரித்தாள்.

ஜன்னல் திறந்து கிடந்தது. மழைக்காற்று உள்ளே பாய்ந்தது. அவள் படபடத்தாள். கால் தரையை விட்டுக் கிளம்பியது.

பாய்ந்து அவள் கையைப் பிடித்தார். காய்ந்த, லேசான, பழைய கை. காற்று இழுத்தது. அவர் விடவில்லை. இன்னும் இறுக்கினார்.

மணிக்கட்டுக்குப் பக்கத்தில், மெல்ல, கிழிகிற சத்தம் கேட்டது.