இருமலில் முடியும் அழைப்பு

பதில் வந்த வேகம்தான் ஆர்லாவுக்குச் சரியாகப் படவில்லை.

எப்போதும் நிற்கும் இடத்தில்தான் நின்றாள். மலைப்பாதையின் இரண்டாவது திருப்பம், இடி விழுந்து பாதி கருகிப்போன பைன் மரம். வாயருகே கையைக் குவித்து, பெண் எல்க் மான் சிணுங்குவதுபோல இரண்டு தடவை சிணுங்கினாள். யோசித்துச் செய்யவில்லை. முப்பது வருஷம் புருஷன் டெல்மரோடு இந்த மலை ஏறிய பழக்கம், வாய் தானாகக் குவிந்துவிட்டது. அடர்ந்த மரங்களுக்குள் இருவரும் பிரிந்துபோனால் அவன் ஆண் மானைப்போலச் சீழ்க்கை அடிப்பான். அவள் இரண்டு சிணுங்கல் கொடுப்பாள். இங்கேதான் இருக்கிறேன், வா என்று அதற்கு அர்த்தம். இருட்டில் குரல் வந்த பக்கம் கையை நீட்டிக்கொண்டே வருவான் அந்த மனிதன், கண் தெரியாதவன் சுவரைத் தேடுகிற மாதிரி.

எல்க் உடனே பதில் சொல்கிற பிராணி அல்ல. கேட்கும், யோசிக்கும், காற்றை மோந்து பார்க்கும். சொன்னாலும் சொல்லும், சொல்லாமலும் போகும். இன்றைக்கோ அவள் வாயை மூடுவதற்குள் நாலு பக்கமும் சீழ்க்கை கிளம்பியது. மானை ஏய்க்க வேட்டைக்காரர்கள் கடையில் வாங்கும் ஊதுகுழாய்களின் ஒரே அச்சு சீழ்க்கை. நாலும் மனுஷர்கள்.

"ஒருத்தனை ஒருத்தன் கூப்பிட்டுக்கிட்டே அலையுங்கடா, பாவிகளா" என்று முணுமுணுத்தபடி அடியெடுத்து வைத்தவள் அப்படியே நின்றாள். ஐந்தாவதாக ஒன்று வந்தது. வெகு உயரத்தில், மேய்ச்சல் வெளிப் பக்கமிருந்து, மெல்லியதாக, யோசித்துவிட்டு வந்ததாக. காற்றாக இருக்கும் என்று சொல்லிக்கொண்டாள். காற்றுக்கு இருமல் வருமா என்று மட்டும் தன்னைக் கேட்டுக்கொள்ளவில்லை.

டெல்மர் மரம் அறுக்கும் ஆலையில் காலமெல்லாம் தூசியைத் தின்றவன். கடைசியில் அந்தத் தூசி அவனைத் தின்றது. சீழ்க்கை அடிக்க அவன் கடைக் குழாய் வாங்கியதில்லை. ஆர்லாவின் வாக்குவம் கிளீனர் குழாயை அவளைக் கேட்காமல் அறுத்து எடுத்துக்கொண்டு போனான். அதற்கு அவள் திட்டிய திட்டு அவன் சாகும்வரை ஓயவில்லை. மூன்று படியாக ஏறும் அவன் சீழ்க்கை, உச்சியில் உடையும், பிறகு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருமுவான். போன செப்டம்பரில் அவன் சாம்பலை மேலே அந்த வெளியில் தூவியவள் அவள்தான், தனியாக. ஓர் ஈ காக்கைகூட அன்றைக்கு அங்கே இல்லை.

வசந்தத்தில் அவன் பிறந்தநாள் வந்தது. வீட்டில் பேச ஆளில்லை. பள்ளிப் பேருந்து ஓட்டிவிட்டு வந்து சமையலறையில் உட்கார்ந்து, அவன் படம் ஒன்றை இணையத்தில் எல்லோரும் பார்க்கப் போட்டாள்: பெரிய கொம்புள்ள எல்க் ஒன்றின் பக்கத்தில் மண்டியிட்டுச் சிரிக்கும் டெல்மர். கூடவே ஒரு பழைய வீடியோத் துண்டு. அவன் குழாயை ஊதுகிறான்; அவள் இரண்டு தரம் சிணுங்கிவிட்டு அடக்க முடியாமல் சிரிக்கிறாள். 'எங்கே இருந்தாலும் இந்தக் குரலுக்கு வந்துவிடுவான்' என்று கீழே எழுதினாள். அழுதுகொண்டேதான் எழுதினாள்.

அவள் காட்ட நினைத்தது அவன் முகத்தை. ஊர் பார்த்தது அவன் முதுகுக்குப் பின்னால் இருந்த மலையை. கழுதைக் காதுபோல இரட்டையாக நிற்கும் அந்த முகட்டை எவனோ ஒருவன் அடையாளம் கண்டு வரைபடத்தில் புள்ளி வைத்தான். இன்னொருவன் 'செத்துப்போன பெரியவரின் ரகசியக் காடு' என்று வீடியோ போட்டான். லட்சக்கணக்கில் பார்த்தார்கள். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். வாய் ஆர்லாவுடையது, கெட்டது டெல்மரின் நிம்மதி. இன்று மதியம் வண்டிப்பாதை முடியும் இடத்தில் அவளுடைய வண்டியை நிறுத்த இடமில்லை. எல்லாம் வெளிமாநிலம்: டெக்சஸ் வண்டி, ஒஹாயோ வண்டி, மினசோட்டா வண்டி. யாரை என்ன சொல்ல? அரசாங்க நிலம், எல்லோருக்கும் பொது. அவளும் அந்த உரிமையில்தான் முப்பது வருஷம் ஏறினாள். ஒரே ஒரு தடவை மேலே போய் அவனிடம் மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும், அவ்வளவுதான் அவளுக்கு.

பக்கத்துப் புதரில் சருகு நொறுங்கியது. இலைகளுக்கு நடுவே ஓர் அம்பின் முனை அவள் மார்பைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"இறக்குடா அதை! மனுஷிடா நான்!"

"ஐயோ, சாரிம்மா! சத்தியமா பொட்டை மான்னுதான் நெனச்சேன். அச்சு அசலா கூப்பிட்டீங்களே!"

"கொம்பில்லாத கிழவி கெடச்சாலும் பரவாயில்லைன்னு வந்தியாக்கும்?"

முகத்தில் பச்சைச் சாயம் பூசிய இளைஞன் வெளியே வந்தான். நெஞ்சில் ஒரு சின்ன கேமராவைக் கட்டியிருந்தான். பெயர் கோல்ட்டன், ஒஹாயோக்காரன். அவளை உற்றுப் பார்த்தவன் வாயைப் பிளந்தான்.

"இருங்க இருங்க... நீங்க டெல்மர் ஐயா வீட்டம்மாதானே? உங்க வீடியோவைப் பாத்துட்டுத்தான்மா நான் வில்லையே தொட்டேன்! அப்பா இல்லாம வளந்தவன் நான். அவர் சிரிப்பைப் பாத்தா... என்னமோ பண்ணும்மா."

திட்ட வாயெடுத்த ஆர்லாவுக்குத் திட்டு வரவில்லை. "வந்து என்னத்தைக் கண்டே? மான் ஏதாச்சும் இருக்கா?"

"எங்கம்மா! இத்தனை பேர் வந்தா அது நிக்குமா? எல்லாம், உள்ளே வராதேன்னு ஆரஞ்சு பெயின்ட் அடிச்ச வேலியைத் தாண்டிப் பண்ணைக்காரர் நிலத்துக்குப் போயிடுச்சு. ஒண்ணே ஒண்ணு மட்டும் போகல. அதுக்காகத்தான் எல்லாரும் தங்கியிருக்கோம். கேக்கறீங்களா?"

போனை அவள் காதருகே நீட்டினான். முதலில் காற்றின் இரைச்சல். பிறகு சீழ்க்கை. ஒரு படி, இரண்டு படி, மூன்று படி. உச்சியில் உடைந்தது. வறட்டு இருமல் ஒன்று, இன்னொன்று, அப்புறம் மூச்சை உள்ளே இழுக்கும் அந்தக் கீச்சொலி. அந்த ஒலிக்குப் பக்கத்தில் எத்தனை இரவு விழித்துக் கிடந்திருக்கிறாள்! கருகிய மரத்தில் சாய்ந்தாள்.

"ஆண் எல்க்கைக் காளைன்னுதானே சொல்லுவோம், இதுக்கு இருமல் காளைன்னு பேரு வெச்சிருக்காங்க. யாரும் கண்ணால பாத்ததில்ல. எந்தக் குழாய்க்கும் வர மாட்டேங்குது."

"வராது" என்று வாய் தவறிவிட்டது அவளுக்கு.

"பின்ன எதுக்கும்மா வரும்?"

உதட்டைக் கடித்துக்கொண்டாள். சொல்லாமல் போயிருக்கலாம். ஆனால் பையன் முகத்தில் கள்ளம் இல்லை. சொன்னால் விட்டுவிடுவான் என்று நம்பினாள்.

"தம்பி, அது மான் இல்லடா. விட்டுடுங்க. கும்பிட்டுக் கேக்கறேன், இறங்கிப் போயிடுங்க எல்லாரும். அது என் வீட்டுக்காரர்."

அவன் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை. அவன் கை மெல்ல நெஞ்சுக்குப் போனது. கேமராவில் முதலிலிருந்தே சின்னதாக ஒரு சிவப்புப் புள்ளி எரிந்துகொண்டிருந்தது; அவள் இப்போதுதான் பார்த்தாள்.

"அம்மா... அதை இன்னொரு வாட்டி சொல்றீங்களா? கொஞ்சம் இப்படி வெளிச்சத்துப் பக்கம் திரும்பி?"

ஆர்லா திரும்பிப் பார்க்காமல் ஏறினாள்.

மேய்ச்சல் வெளிக்கு அவள் வந்து சேர்ந்தபோது சூரியன் கழுதைக் காதுகளுக்குப் பின்னால் இறங்கியிருந்தது. புல்லின் குறுக்கே புதுப்புது ஒற்றையடிப் பாதைகள், தின்று போட்ட உறைகள், புதருக்குப் பின்னால் கழிவுத்தாள். ஊற்றுத் தண்ணீரில் எண்ணெய்ப் படலம். சாம்பல் தூவிய இடத்தில் கிடந்த அதே மரக்கட்டையில் உட்கார்ந்து புல்லைத் தடவினாள். "மன்னிச்சுக்கடா டெல். உன்னைக் காட்டிக் குடுத்துட்டேன்டா" என்றாள். எல்க் மான்கள் கூடும் பருவத்தில் இந்த வெளி முழுக்க ஆண் மான் வாடை அடிக்கும். இன்று அது துளியும் இல்லை. அதற்குப் பதில் குளிர்ந்த காற்றோடு வேறொரு வாசனை மெதுமெதுவாக இறங்கி வந்து அவள் தலைமுடிக்குள் புகுந்தது. புதிதாக அறுத்த பைன் மரத்தூள். அதன் அடியில் இருமல் மிட்டாயின் புதினா.

அது அவனுடைய சட்டை வாசனை.

வெளியின் மறுகோடியில், மரங்கள் கறுப்பாகக் கெட்டிப்பட்ட இடத்திலிருந்து சீழ்க்கை வந்தது. போனில் கேட்டதுபோல் இல்லை. அவள் உட்கார்ந்திருந்த கட்டை அதிர்ந்தது. மூன்று படி. உடைந்தது. இருமல். பிறகு மௌனம். அந்த மௌனம் அவளுக்கானது. பதிலுக்காகக் காத்திருக்கிறான். ஐயோ, எத்தனை சந்தோஷமாக இருந்தது! வாய் தானாகக் குவிந்தது. குவிந்த வாய்க்குள் முஷ்டியைத் திணித்துக் கடித்தாள். கூப்பிட்டால் வந்துவிடுவான். வந்தால் இவர்கள் இருக்கிறார்கள்.

மறுபடி கேட்டது. இந்தத் தடவை கெஞ்சலாக. அவள் கண்ணீர் முஷ்டியில் வழிந்தது. போயிடு, டெல். வேலியைத் தாண்டிப் போயிடு, அந்த மான்களோடு.

இருட்டு இறங்கியது. வெளியின் விளிம்பில் ஒரு மூலையில் நீலமாக ஒரு வெளிச்சம் பூத்தது. இந்த மேட்டில் மட்டும்தான் மலையில் சிக்னல் கிடைக்கும். யாரோ போனைத் திறக்கிறான். அதற்கு அருகே இன்னொன்று. எதிர்ப்பக்கம் ஒன்று. மரத்துக்கு ஒன்றாக, புதருக்கு ஒன்றாக வட்டம் முழுக்க வெளிச்சங்கள் பூத்தன. கீழிருந்து ஒளி விழுந்த முகங்கள் குனிந்து எதையோ பார்த்துக்கொண்டிருந்தன. இவ்வளவு பேரா? இத்தனை நேரமும் இங்கேயேவா இருந்தார்கள்? அப்புறம் அவளுக்குக் கேட்டது. பல இடங்களிலிருந்து, முன்னும் பின்னுமாக, சின்னதாக, அவளுடைய குரலே, கோல்ட்டனின் கேமரா பிடித்தது.

"...மான் இல்லடா... அது என் வீட்டுக்காரர்..."

"...என் வீட்டுக்காரர்..."

"...வீட்டுக்காரர்..."

யாரோ ஒருவன் தாழ்ந்த குரலில் சொன்னான். "டேய், அந்தம்மாவோட பழைய வீடியோவைப் போடுடா. இந்தக் குரலுக்கு வருவான்னு அவங்களே எழுதியிருக்காங்க பாரு."

"போடாதே!" என்று எழுந்தாள் ஆர்லா.

அவளுக்கு இடப்புறம், ஒரு போன், இரண்டு தடவை சிணுங்கியது. அதன்பின் சிரித்தது. அவளுடைய சிரிப்பு. அவன் உயிரோடு இருந்தபோது அவள் சிரித்த சிரிப்பு.

மறுகோடியில் புல் விலகியது.

உயரம் டெல்மருடையது. இடது காலைக் கொஞ்சம் இழுத்து வைக்கும் நடை டெல்மருடையது. தலைக்கு மேல் ஏதோ கிளைவிட்டிருந்தது. கொம்போ, பின்னாலிருந்த பட்டமரமோ, தெரியவில்லை. சிரிப்பு வந்த பக்கம் வேகமாக வந்தான். வலது கையை முன்னால் நீட்டியிருந்தான்.

"வந்துடுச்சுடா! வந்துடுச்சு!"

வலப்புறம் இன்னொரு போன் சிணுங்கியது. சிரித்தது. அவன் நின்றான். திரும்பினான். அந்தப் பக்கம் நடந்தான். பின்னால் ஒன்று. சிரிப்பு. எதிரே ஒன்று. சிரிப்பு. வட்டம் முழுக்க ஆர்லா சிணுங்கினாள். வட்டம் முழுக்க ஆர்லா சிரித்தாள்.

"வராதே டெல்! அது நான் இல்ல! நான் இல்லடா!"

அவள் கத்தியது அந்தச் சிரிப்பில் முழுகிப்போனது. கையைக் குவித்தாள். தன் வாயாலேயே இரண்டு சிணுங்கல். நடுங்கிய, அழுத, நிஜமான இரண்டு. அவன் தலை லேசாக அவள் பக்கம் திரும்பியது. ஒரு கணம். ஒரே ஒரு கணம். ஆனால் இவளுடையதில் சிரிப்பு இல்லை. அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

வில் நாண் ஒன்று அதிர்ந்தது.

இருமல்.

அவள் புறங்கையில் ஏதோ உதிர்ந்தது. பனி என்று நினைத்தாள். உருகவில்லை. விரலால் தேய்த்தாள். சாம்பல்.

இன்னொரு நாண். இருமல். அவன் விழவில்லை. உடம்பில் ஒரு பக்கம் இருந்த இடத்தில் இப்போது பின்னாலிருந்த வெளிச்சம் தெரிந்தது. யாரும் ஓடவில்லை. எல்லாக் கேமராக்களிலும் சிவப்புப் புள்ளி.

இருட்டின் ஒரு ஓரத்திலிருந்து போன் ஒன்று சிணுங்கியது. சிரித்தது. மிச்சமிருந்த கையை நீட்டிக்கொண்டு, டெல்மர் அதை நோக்கி நடந்தான்.