ஓநாயின் சுண்டுவிரல்

"இதைப் பண்ணது எங்க அண்ணனான்னு எனக்குத் தெரிஞ்சாகணும் சார்" என்றாள் அந்த இளம் எழுத்தாளர். கண் கலங்கியிருந்தது.

துப்பறிபவரைத் தெருவே 'நிதானம்' என்று அழைக்கும். கூடவே சுற்றும் அவர் மச்சினன் 'அவசரம்'. பெயர் வைத்தவன் வாயில் சர்க்கரை போட வேண்டும்.

அவள் இளைஞர்களுக்காக எழுதிய சாகச நாவலில், ஓநாயாக மாறும் அண்ணன் தங்கைக்காகக் கடைசியில் உயிரை விடுகிறான். படங்களை மரக்கட்டையில் செதுக்குபவன் அவளுடைய சொந்த அண்ணன். "என்னைப் பார்த்து எழுதிட்டு என்னையே கொல்றியா?" என்று சண்டை போட்டிருக்கிறான். மறுநாள் அச்சக மேசையில் கையெழுத்துப் பிரதியின் கடைசி அத்தியாயம் மட்டும் இல்லை. வேறு நகலும் கிடையாது. மேசை முழுக்க மையில் ஓநாய்த் தடங்கள். அண்ணனின் வேலை போகும் நிலை.

மூவரும் அச்சகத்துக்குப் போனார்கள். அண்ணன் அங்கே தன் கட்டைகளோடு உட்கார்ந்திருந்தான். சுவரில் அண்ணன் அச்சடித்த தடப் படம் தொங்கியது. கதையில் ஓநாய்க்கு இடக்காலில் சுண்டுவிரல் கிடையாது; படத்திலும் அப்படித்தான். மேசைத் தடங்களிலோ வலக்காலில் அது இல்லை.

"அத்தான், மையும் இவனோடது, கோபமும் இவனோடது. வேற என்ன வேணும்?" என்று துள்ளினான் அவசரம்.

"சும்மா இருடா."

கணினி முன் உட்கார்ந்திருந்த பதிப்பாளர், மடித்த செய்தித்தாள் மேல் மவுஸை நகர்த்தியபடி அலுத்துக்கொண்டார். "ஓநாயைக் கொல்லாதம்மா, ரெண்டாம் பாகம் போடலாம்னு தலையால தண்ணி குடிச்சேன். கேட்டாளா? இப்பவாவது முடிவை மாத்தி எழுதட்டும்."

நிதானம் அண்ணனின் கட்டை ஒன்றை எடுத்துப் பார்த்தார். எழுத்தெல்லாம் கண்ணாடியில் தெரிவதுபோல் இடம் வலமாக மாறி இருந்தது.

"காகிதத்துல நேரா விழணும்னா கட்டையில மாத்தித்தான் செதுக்கணும். தூக்கத்துலகூடக் கை அப்படித்தான் போகும்" என்றான் அண்ணன், தங்கையைப் பார்க்காமலே.

"அதேதான்" என்றார் நிதானம். "மேசையில தடம் வச்சவருக்கு அது தெரியல. சுவர்ப் படத்தை அப்படியே பார்த்து ரப்பர்ல வெட்டி அழுத்திட்டார். இடக்கால் வலக்காலா விழுந்துடுச்சு. இந்தத் தப்பு செதுக்குறவன் கைக்கு வராது." பதிப்பாளர் பக்கம் திரும்பினார். "செய்தித்தாள் மேல ஓட்டுறீங்களே, மவுஸுக்கு அடியில இருந்த ரப்பர் விரிப்பு எங்க சார்?"

அவர் முகம் வெளிறியது. பிறகு இழுப்பறையைத் திறந்து, வெட்டுப்பட்ட ரப்பரையும் அத்தியாயத்தையும் எடுத்து வைத்தார்.

"அடப்பாவி! நான் அப்பவே நினைச்சேன்" என்றான் அவசரம். அவன் நினைக்கவில்லை என்பது எல்லோருக்கும் தெரியும்.

அத்தியாயத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தங்கை அண்ணனிடம் ஓடினாள். "அண்ணா, நீ இல்லன்னு..."

"கதையில கொன்னே, போகட்டும். அது கதை" என்றான் அவன். "இவரை எதுக்குக் கூட்டிட்டு வந்தே? என்னைக் காப்பாத்தவா, பிடிச்சுக் குடுக்கவா?"