காளவாசலில் ஒரு டப்ளின் கதவு

மழைக்கு ஒதுங்கத்தான் செல்லத்தாய் அந்தப் பள்ளிக்கூட மண்டபத்துக்குள் நுழைந்தாள். எழுபத்தொன்பதாம் வருஷத்து ஐப்பசி மழை.

காளவாசலில் பஸ் பிடித்து வண்டியூர் போக வேண்டும். போய்...? ஆடியில் அம்மா இறந்ததிலிருந்து, பூட்டைத் திறந்தால் இருட்டு மட்டும்தான் வரவேற்கிறது. ஞாயிற்றுக்கிழமை சித்தப்பா யாரையோ பெண் பார்க்க அழைத்து வருகிறார். யாராக இருந்தாலும் தலையாட்டிவிடுவது என்றிருந்தாள். வீட்டில் ஒரு பேச்சுச் சத்தம் கேட்டால் போதும்...

உள்ளே அயர்லாந்து நாட்டுக் கலைக் கண்காட்சி. ஊர் திரும்பிய பாதிரியார் ஒருவர் விட்டுப்போன படங்களாம். புல்வெளியில் ஒற்றையாய் நிற்கும் வட்டக் கல் கோபுரம்... வளையம் பூட்டிய கற்சிலுவையில் பின்னிப் பின்னி ஓடும் கோடுகள்... பார்த்துக்கொண்டே வந்தவள் மண்டபத்தின் கடைசியில் நின்றுவிட்டாள்.

ஆளுயரத்துக்குப் பளபளவென்று ஒரு சிவப்புக் கதவு. மேலே விசிறி விரித்ததுபோல் அரைவட்டக் கண்ணாடி. அதில் கசியும் மஞ்சள் வெளிச்சம்.

ஈரச் செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டாள்.

பின்னால் ஒரு சிரிப்பு. "ஏங்க... அது அட்டைங்க! உள்ள வீடு இல்ல."

திரும்பினாள். விரலெல்லாம் பெயிண்ட்டோடு ஓர் இளைஞன். குறும்பு மின்னும் கண்கள்.

"வீடா இருந்தா மட்டும் உள்ள ஆளா இருக்கப்போகுது?"

குரல் உடைந்தது. வெறுங்காலோடு மழையில் இறங்கிவிட்டாள்.

பஸ் நிறுத்தம் வரை அவன் ஓடி வந்தான், கையில் அவள் செருப்போடு.

"என்ன வாத்தியாரே, செருப்புக் கடை வச்சுட்டீகளா?" டீக்கடை மருது கத்தினார்.

"ஆமாண்ணே... சரக்கு ஒரே ஒரு சோடிதான்!"

அவளுக்குக் கூச்சம் பிடுங்கித் தின்றது. "கீழ போடுங்க சார்... நாலு பேரு பாக்குறாக."

"பாக்கட்டுங்க. நான் பால்பாண்டி, டிராயிங் மாஸ்டர். சிரிச்சது தப்புத்தான். காலையிலருந்து வந்தவுக அம்புட்டுப் பேரும் அங்க செருப்பக் கழட்டிட்டுத்தான் நிக்கிறாக..."

அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "கதவுக்குப் போயி எதுக்குங்க இம்புட்டுச் சிவப்பு?"

"டப்ளின்ல வீடெல்லாம் வரிசையா ஒரே அச்சுல இருக்குமாம். கதவு மட்டும் ஆளுக்கொரு கலரு. வாரவுகளுக்கு அடையாளம் தெரியணும்ல?"

"எங்க வீட்டுக்கு அடையாளமே வேணாம். வார ஆளில்ல... அம்மா போனப்புறம்."

அவன் சிரிப்பு அடங்கியது. மழையைப் பார்த்தபடி மெல்லச் சொன்னான்.

"எனக்கு வாடிப்பட்டி. இங்க ரூம்ல தனியாத்தான். அந்த மஞ்ச வெளிச்சம் இருக்கே... அது பாதிரியார் படத்துல கிடையாதுங்க. அதப் பாத்து அட்டையில கதவு வரையுறப்ப நானாப் போட்டேன். உள்ள யாரோ முழிச்சிருக்காகன்னு இருக்கட்டுமேன்னு..."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். நனைந்த இமைகளுக்குள் அவன் கண்களில் இப்போது குறும்பு இல்லை.

வண்டியூர் பஸ் வந்துவிட்டது. படியில் ஒரு கால் வைத்தாள்.

"ஏங்க..." அவன் திணறினான். "மண்டபம் நெறையக் கூட்டம் நிக்குது. நீங்க எறங்கிப் போனதும் எனக்கு மட்டும் எல்லாம் காலியாப் போச்சு."

அவள் கம்பியைப் பிடித்தபடி திரும்பினாள்.

"ஞாயித்துக்கிழமை என்னையப் பொண்ணு பாக்க வாராக."

அவன் முகம் வாடியது.

"வர வேணாம்னு சித்தப்பாகிட்டச் சொல்லப்போறேன்."

"ஏன்னு... கேப்பாரே?"

"கேப்பாரு." அவள் கண்கள் தாழ்ந்தன. "அத நீங்க வந்து சொல்லுங்க..."